பரணில் கிடக்கும் பங்குப் பத்திரம்: குப்பையா, புதையலா?

திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வடக்கே இருக்கிறது தச்சநல்லூர். மதுரை ரோடும் ரெயில் பாதையும் ஊரை ஒட்டியே ஓடுகின்றன. இன்று அது மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று. பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அந்த இடங்களில் மாடி வீடுகள் எழும்புகின்றன.

வீடு இடிபடுவதற்கு முன்னால் பரண் காலியாகும். டிரங்குப் பெட்டிகள் கீழே இறங்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு விலை பேசுவார்கள். தூணுக்கும் உத்திரத்துக்கும் விலை பேசுவார்கள். காகிதக் கட்டுக்கு மட்டும் யாரும் விலை பேசுவது இல்லை. அது எடைக்குப் போய்விடும்.

"இது என்ன ஆச்சி?" என்று பேரன் கேட்பான்.

"உங்க தாத்தாவோட அப்பா வாங்கின ஷேராம். கம்பெனி எப்பவோ முங்கிப் போச்சு. தூரப் போடு" என்று பதில் வரும்.

அந்தக் காகிதத்தைத் தூரப் போடக்கூடாது! லட்ச லட்சமாகப் பணம் கொட்டும் என்று அதை வைத்துக்கொண்டு கனவு காணவும் கூடாது. இரண்டும் தவறு. முதல் தவறு ஊரின் சரித்திரத்தை அழிக்கிறது. இரண்டாவது தவறு வீட்டை அழிக்கிறது.

பொழுதுபோக்குக்குப் பெயர் வந்தது

தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. அதைப் போலவே பழைய பங்குப் பத்திரங்களையும் கடன் பத்திரங்களையும் சேர்ப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். மேல்நாட்டில் இந்தப் பழக்கம் 1970-களில் பரவியது. 1978-ம் ஆண்டில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை போட்டி வைத்து இதற்கு ஒரு பெயர் தேடியது. 'ஸ்கிரிப்போஃபிலி' என்ற பெயர் கிடைத்தது. பத்திரங்களின் மீது பிரியம் என்பதே அதன் பொருள். அதே ஆண்டில் சேகரிப்போருக்கு ஒரு சங்கமும் தொடங்கப்பட்டது.

இந்தச் சேகரிப்பில் ரெயில்வே பத்திரங்களுக்குத் தனி இடம் உண்டு. காரணம், அவற்றின் அழகு. கள்ளப் பத்திரம் அடிக்க முடியாதபடி ரூபாய் நோட்டைப் போல நுணுக்கமாகச் செதுக்கி அச்சிட்டார்கள். புகை கக்கும் எஞ்சின், பாலம், மலை, தேவதை என்று படங்கள் போட்டார்கள். லண்டனில் வாட்டர்லோ, அமெரிக்காவில் அமெரிக்கன் பாங்க் நோட் கம்பெனி போன்ற அச்சகங்கள் இந்த வேலையில் பேர் போனவை.

படம் மட்டும் விலையைத் தீர்மானிப்பது இல்லை. யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்ப்பார்கள். எண்ணெய்க் கோடீசுவரர் ராக்பெல்லர் கையெழுத்திட்ட ஸ்டாண்டர்டு ஆயில் பத்திரத்துக்கு அந்தக் கையெழுத்துக்காகவே விலை. எத்தனை பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன, மடிப்பில் கிழிந்திருக்கிறதா, ரத்து செய்து துளை போட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கடன் பத்திரம் என்றால் அடியில் இருக்கும் கூப்பன்களை எண்ணுவார்கள். வட்டி வாங்கும்போது ஒரு கூப்பனை வெட்டிக் கொடுக்க வேண்டும். பல கூப்பன்கள் வெட்டப்படாமல் இருந்தால், கம்பெனி பாதியில் கவிழ்ந்து வட்டி நின்றுபோயிருக்கும் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். கணக்குப் புத்தகம் சொல்லாத கதையை அந்தக் கூப்பன் சொல்லிவிடும்!

தூத்துக்குடிக்கு வந்த முதல் 'வி.ஓ.சி.'

இன்று இருக்கும் பங்குப் பத்திரங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1606-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதியிட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு அது. ஹாலந்து தேசத்தில் ஹோர்ன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 2010-ம் ஆண்டில் ஆராய்ச்சிக்காகக் காகிதங்களைப் புரட்டிய ஒரு கல்லூரி மாணவர் கண்ணில் பட்டது.

அந்தக் கம்பெனியின் பெயரை மூன்று எழுத்துகளில் 'வி.ஓ.சி.' என்று சுருக்கி எழுதுவார்கள். அதே கம்பெனிதான் 1658-ம் ஆண்டில் போர்ச்சுக்கீசியரிடம் இருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. முத்துக்குளிப்பிலும் துணி வியாபாரத்திலும் லாபம் பார்த்தது. 1799-ம் ஆண்டில் கம்பெனியே இல்லாமல் போயிற்று. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அதே தூத்துக்குடியில் இன்னொரு வ.உ.சி. தோன்றி, அன்னியக் கப்பல் கம்பெனியை எதிர்த்து ஒரு கம்பெனியை நடத்தினார்.

இந்தப் பெயர்ப் பொருத்தம் ஒரு வேடிக்கை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. 404 ஆண்டுகளாக அந்த டச்சுக் காகிதத்தை யாரும் எடைக்குப் போடவில்லை. அதனால்தான் அது கிடைத்தது. இங்கே நூறு ஆண்டுக் காகிதம் கூடப் பரணைத் தாண்டிப் பிழைப்பது கடினமாக இருக்கிறது.

ரெயில் பத்திரம்: நட்டம் உனக்கு, லாபம் எனக்கு

தென்னாட்டில் ரெயில் போட்டது லண்டன் கம்பெனிகள். 'கிரேட் சதர்ன் ஆப் இந்தியா' என்ற கம்பெனி 1861-ம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூருக்கு ரெயில் விட்டது. அதுவும் 'கர்நாடிக் ரெயில்வே' என்ற கம்பெனியும் 1874-ம் ஆண்டில் ஒன்றாகி 'தென் இந்திய ரெயில்வே கம்பெனி' ஆயின. 1876-ம் ஆண்டில் தூத்துக்குடி வரை ரெயில் வந்தது. அதே ஆண்டில் மணியாச்சியில் இருந்து திருநெல்வேலிக்கும் கிளைப் பாதை வந்தது. தச்சநல்லூர்க்காரர்கள் இன்று பார்க்கும் பாதையின் பிறப்பு அதுதான்.

இந்தக் கம்பெனிகளின் பங்கை இங்கிலாந்தில் போட்டி போட்டு வாங்கினார்கள். ஏன்? சர்க்கார் கொடுத்த உத்தரவாதம்! 1849-ம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு அது. ரெயில் பாதைக்கு நிலம் இலவசம். போட்ட முதலுக்குச் சுமார் 5 சதவீதம் வட்டி நிச்சயம். ரெயில் சம்பாதித்தது போதாவிட்டால், குறையை இந்திய சர்க்கார் தன் கஜானாவில் இருந்து நிரப்பும். கஜானாவை நிரப்பியது யார்? நிலவரியும் உப்பு வரியும் கட்டிய இந்தியக் குடியானவன்.

சிக்கனமாக ரெயில் போட வேண்டும் என்ற கவலை கம்பெனிக்கு எப்படி வரும்? பணத்தைப் பாதையில் போட்டாலும் ஆற்றில் போட்டாலும் முதலாளிக்கு ஒன்றுதான், அவருக்கு 5 சதவீதம் வந்துவிடும் என்ற கருத்தை இந்திய சர்க்காரில் நிதிப் பொறுப்பில் இருந்த மாஸி என்ற ஆங்கிலேயரே பின்னாளில் பார்லிமெண்டுக் கமிட்டி முன்பு சாட்சியமாகச் சொன்னார். தாதாபாய் நவ்ரோஜி போன்ற இந்தியத் தலைவர்களும் செல்வம் வெளியேறுவதைக் கண்டித்தார்கள்.

1860-களின் கடைசியில் இந்திய ரெயில் கம்பெனிகளின் பங்குதாரர்களில் நூற்றுக்கு ஒருவர் கூட இந்தியர் இல்லை. ரெயில் இங்கே, புகை இங்கே, வரி இங்கே, பத்திரம் மட்டும் லண்டனில். தச்சநல்லூர்ப் பரணில் கப்பல் பத்திரம் கிடைத்தாலும் கிடைக்கும். ரெயில் பத்திரம் கிடைப்பது அபூர்வம் என்பதற்குக் காரணம் இதுவே.

தஞ்சாவூர் ஜில்லாவில் வேறு ஒரு வழியும் நடந்தது. ஜில்லா போர்டு குடியானவர்களிடம் ரெயில்வேக்காக ஒரு தனி வரி வாங்கியது. அந்தப் பணத்தைக் கொண்டு மாயவரத்தில் இருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ம் ஆண்டில் ரெயில் விட்டார்கள். அந்த ரெயிலுக்குப் பணம் கொடுத்தவன் கையில் அழகான பங்குப் பத்திரம் ஏதும் இல்லை. வரி ரசீதுதான் அவனுடைய பத்திரம். பத்திரம் சேர்ப்பவர்கள் அந்த ரசீதையும் சேர்த்தால் சரித்திரம் முழுமையாகும்.

தென் இந்திய ரெயில்வேயைச் சர்க்கார் 1944-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி கம்பெனியிடம் இருந்து எடுத்துக்கொண்டது. 1951-ம் ஆண்டில் அது தெற்கு ரெயில்வேயில் கலந்தது. எனவே அந்தக் கம்பெனியின் பத்திரம் எங்காவது கிடைத்தால் அது காட்சிப் பொருள். அதைக் காட்டி யாரிடமும் பணம் கேட்க முடியாது.

கப்பல் பத்திரம்: உத்தரவாதம் இல்லாத துணிச்சல்

இனி அடுத்த பத்திரத்தைப் பார்க்கலாம்.

1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர், மற்ற ஆசிய நாட்டவர் வாங்கலாம். ஐரோப்பியருக்கு இடம் இல்லை. பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சிதம்பரம் பிள்ளை உதவிக் காரியதரிசி. பெயர்தான் 'உதவி', ஓடி ஓடிப் பங்கு சேர்த்தவர் அவரே. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய்! பாரதியார் தம் 'இந்தியா' பத்திரிகையில் இந்த முயற்சியை ஆதரித்து எழுதினார்.

அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம் தெரியுமா? கம்பெனி பதிவான ஆறாம் நாள், அதாவது அக்டோபர் 22-ந் தேதி, சென்னையில் அர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி திவால் ஆயிற்று. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. காகிதத்தை நம்பிப் பணம் கொடுக்க எல்லோரும் அஞ்சிய சமயம் அது. அந்தச் சமயத்தில்தான் வக்கீலும் வியாபாரியும் சாதாரணக் குடும்பத்தினரும் 25 ரூபாயை எடுத்துக் கப்பலுக்குக் கொடுத்தார்கள். 5 சதவீத உத்தரவாதம் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

முதலில் வாடகைக் கப்பல் கிடைத்தது. எதிரிகளின் நிர்ப்பந்தத்தால் அது பறிபோயிற்று. சிதம்பரம் பிள்ளை பம்பாய் சென்றார். 1907-ம் ஆண்டு மே மாதத்தில் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் இலவசப் பயணம், கூடவே குடையும் தருகிறோம் என்றார்கள். சர்க்கார் அதிகாரிகள் ஒரு பக்கமே சாய்ந்தார்கள்.

1908-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்து எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. ஜூலையில் அவருக்கு இரட்டைத் தீவாந்தரம், மொத்தம் 40 ஆண்டு. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912-ம் ஆண்டு டிசம்பரில் அவர் விடுதலையானபோது கம்பெனி இல்லை. 1911-ம் ஆண்டிலேயே அது கலைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூன் 17-ந் தேதி, லண்டன் முதலாளிகள் போட்ட அதே ரெயில் பாதையில், மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார்.

பங்கு வாங்கியவர்களின் பணம்? கம்பெனியோடு கரைந்தது. பத்திரம் மட்டும் மிஞ்சியது.

ரெயில் பத்திரத்தையும் கப்பல் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை வாங்கியவருக்கு நட்டம் வரவே வழி இல்லை. அவருக்காக இன்னொருவன் நட்டப்பட்டான். மற்றொன்றை வாங்கியவருக்கு லாபம் வரும் என்று யாரும் சொல்லவில்லை, தெரிந்தே வாங்கினார். இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்தை ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு விளக்க முடியுமா? சந்தையில் எது அதிக விலை போகும் என்பது வியாபாரியின் கேள்வி. எது திருநெல்வேலிக்கு உரியது என்பது ஊராரின் கேள்வி.

புதையல் என்று சொல்லி ஏமாற்றுபவர்கள்

இனி எச்சரிக்கை. பழைய பத்திரத்தைக் காட்டி மோசடி செய்பவர்கள் உலகம் எங்கும் உண்டு.

அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எத்தனையோ ரெயில் கம்பெனிகள் தோன்றித் திவாலாயின. 'சிகாகோ, சாகினா, கனடா ரெயில்ரோடு' என்பது அவற்றில் ஒன்று. 1873-ம் ஆண்டில் அது கடன் பத்திரம் வெளியிட்டது. 1990-களில் அந்தச் செத்த பத்திரங்களைச் சில பேர் வெளியே எடுத்தார்கள். "தங்கத்தில் பணம் தருவதாக எழுதியிருக்கிறது, இன்றைய தங்க விலைக்குக் கோடிக் கணக்கில் கிடைக்கும், அமெரிக்கக் கஜானா பொறுப்பு" என்று கதை கட்டினார்கள். அலங்காரச் சுவரில் மாட்டத்தான் மதிப்புள்ள காகிதத்தைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அப்படிப் பொறுப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசாங்கமே எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

சில பழைய பத்திரங்களுக்குப் பிற்காலத்தில் பணம் வந்ததும் உண்டு. ஜார் காலத்து ரஷ்ய ரெயில் பத்திரங்களை பிரெஞ்சுக் குடும்பங்கள் ஏராளமாக வாங்கி வைத்திருந்தன. 1918-ம் ஆண்டில் சோவியத் அரசு அந்தக் கடன்களை எல்லாம் ரத்து செய்தது. பிரிட்டனுக்கும் சோவியத்துக்கும் 1986-ம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. ரஷ்யா 1990-களில் பிரான்சுக்கு 40 கோடி டாலர் கொடுத்தது. வாங்கியவர்களின் பேரப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, போட்ட முதலில் ஒரு துளி.

சீனாவின் 1911-ம் ஆண்டு ஹூகுவாங் ரெயில்வே பத்திரத்தை வைத்து அமெரிக்கர் சிலர் சீன அரசின் மீதே வழக்குப் போட்டார்கள். 1982-ம் ஆண்டில் தீர்ப்புக் கிடைத்தது. 1984-ம் ஆண்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. காசு வரவில்லை. நாடுகள் மோதியும் கிடைக்காத பணத்தை ஒரு தரகர் வாங்கித் தருவார் என்று நம்பலாமா?

"உங்கள் தாத்தா பத்திரம் பத்துக் கோடி பெறும், முதலில் பதிவுச் செலவுக்கு ஐம்பதாயிரம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

செத்ததா, உயிரோடு இருக்கிறதா?

ஆனால் ஒன்று. எல்லாப் பழைய பத்திரமும் செத்த பத்திரம் அல்ல!

தச்சநல்லூரில் இருந்து மதுரை ரோட்டில் இன்னும் வடக்கே போனால் தாழையூத்து. 1946-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி, தன் முதல் ஆலையை 1949-ம் ஆண்டில் அங்கேதான் ஓட்டியது. 2024-ம் ஆண்டு டிசம்பரில் அது அல்ட்ராடெக் கம்பெனியின் கைக்கு மாறியது. முதலாளி மாறினால் பங்கு செத்துவிடாது. அந்தக் காலத்துப் பத்திரம் வீட்டில் இருந்தால் விசாரிக்க வேண்டும்.

'நாடார் பாங்கு' என்று அச்சிட்ட பத்திரம் கிடைக்கலாம். அப்படி ஒரு பாங்கு இன்று இல்லையே என்று கிழித்துவிடக் கூடாது. 1921-ம் ஆண்டில் தூத்துக்குடியில் தொடங்கிய அந்தப் பாங்குதான் 1962-ம் ஆண்டில் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கு என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1943-ம் ஆண்டில் தோன்றிய பாங்க் ஆப் மதுரா 2001-ம் ஆண்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கில் சேர்ந்தது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கொடுத்தார்கள். பெயர் செத்தாலும் பங்கு வேறு உடம்பில் வாழும்!

ஏழு ஆண்டு தொடர்ந்து லாபப் பங்கை யாரும் வாங்கவில்லை என்றால், 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி அந்தப் பணமும் பங்கும் 'முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி'க்குப் போய்விடும். போனாலும் பறிபோனது ஆகாது. வாரிசுகள் உரிய சான்றுகளோடு மனுச் செய்து திரும்பப் பெறலாம். பெயர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டணம் கிடையாது. பாதிக்குப் பாதி கேட்கும் இடைத்தரகரிடம் ஓடுவதற்கு முன், கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடலாம்.

இன்று புதிய பங்குகள் காகிதத்தில் வருவது இல்லை. 1996-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கில் 'டிமாட்' ஆகிவிட்டது. இனிமேல் வரும் பேரனுக்குப் பரணில் எந்தப் பத்திரமும் கிடைக்கப்போவது இல்லை. இருப்பது இருக்கிறதோடு சரி. அதனாலேயே இருப்பதைக் காப்பது அவசரம்.

விற்கலாமா?

"பசித்தவனிடம் சரித்திரம் பேசலாமா? பத்திரம் எங்கள் சொத்து. விலை கிடைத்தால் விற்போம்" என்று ஒருவர் சொன்னால் அதில் தவறு இல்லை. அவருடைய பாட்டனார் நாட்டுக்காகக் கொடுத்த பணம் திரும்பி வரவே இல்லை. காகிதத்தாலாவது குடும்பத்துக்கு நாலு காசு வரட்டுமே!

விற்கலாம். ஆனால் சட்டம் தெரிந்து விற்க வேண்டும். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி, சரித்திர மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு பழையது ஆனால் அது தொல்பொருள். 1906-ம் ஆண்டுப் பத்திரத்துக்கு அந்த வயது 1981-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தொல்பொருளைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. 'சீமையில் நல்ல விலை' என்று தபாலில் அனுப்பினால் பத்திரமும் போகும்; வழக்கும் வரும். உள்நாட்டிலேயே விற்பதுதான் வழி.

"அரசாங்க அருங்காட்சியகத்தில் கொடுத்தால் கரையான் தின்றுவிடும்" என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. அலமாரியில் வைத்துப் பூட்டி, பட்டியலும் போடாமல் மறந்துவிடும் இடத்துக்கும் பரணுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பணம் கொடுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் சேகரிப்பாளரும் அப்படியே. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எடைக்குப் போன காகிதத்தைக் கடையில் உட்கார்ந்து பொறுக்கி எடுத்துக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் சேகரிப்பாளர்களே. அவர்களைத் திருடர்களைப் போலப் பார்ப்பது நன்றி கெட்ட செயல்.

செய்ய வேண்டியது என்ன?

அசலை யார் வைத்திருந்தாலும் சரி. விவரம் ஊருக்குத் தெரிய வேண்டும். அதுதான் முக்கியம்.

பெரிய பங்குதாரர்களின் பெயர்கள் சரித்திரப் புத்தகங்களில் இருக்கின்றன. பேராசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 2023-ம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி ஆங்கிலத்தில் முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் ஒரே ஒரு பங்கு, 25 ரூபாய்க்கு வாங்கினவர் யார்? எந்த ஊர்? எந்தத் தேதி? இதற்குச் சாட்சி அந்தப் பத்திரத்தில் மையால் எழுதிய ஒரு வரிதான். படம் போட்ட மேல் பாதியைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறார்கள். பெயர் எழுதிய அந்த வரியே உண்மையான சொத்து.

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. திருநெல்வேலியில் வ.உ.சி. மணிமண்டபம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், செப்டம்பர் 5-ந் தேதி சிதம்பரம் பிள்ளை பிறந்த நாளன்று, 'பத்திர நாள்' என்று வைத்தால் என்ன? திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டத்து மக்கள் தங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களைக் கொண்டு வரலாம். அங்கேயே படம் எடுத்து, கம்பெனி பெயர், எண், தேதி, பங்குதாரர் பெயர், ஊர் ஆகிய ஐந்து விவரங்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அசலை அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விற்க விரும்புபவர் விற்கட்டும். வைத்திருக்க விரும்புபவர் வைத்திருக்கட்டும். ஒரு காமிராவும் ஒரு நோட்டுப் புத்தகமும் நாலு கல்லூரி மாணவர்களும் போதும். இதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் தேவை இல்லை.

அந்த நாள் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. பத்திரத்தை லாமினேஷன் செய்யக்கூடாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டக்கூடாது. சில ஆண்டுகளில் மஞ்சள் கறை ஏறிக் காகிதத்தைத் தின்றுவிடும். பின் குத்தக்கூடாது, துரு ஏறும். மடிப்பைப் பிரித்து, சுத்தமான வெள்ளைக் காகிதத்துக்கு நடுவே தட்டையாக வைக்க வேண்டும். வெயிலும் ஈரமும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். பத்திரத்தோடு இருந்த கடிதம், ரசீது, உறை எதையும் பிரிக்கக்கூடாது.

பிறகு அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி விசாரிக்க வேண்டும். உயிரோடு இருந்தால் உரிய பணத்தைக் கேட்க வேண்டும். செத்திருந்தால், ஏன் செத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சுதேசிக் கப்பல் கம்பெனி தோற்றது நிர்வாகம் தெரியாததால் மட்டும் அல்ல; எதிரே நின்றது ஒரு சாம்ராஜ்யம். அதைத் தெரிந்துகொண்டே 25 ரூபாய் கொடுத்த ஒரு மனிதரின் பெயர் இந்த ஊர்ப் பரண்களில் ஏதோ ஒன்றில் இருக்கலாம்.

வீடு இடிப்பதற்கு நாள் குறித்தவர்கள், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கட்டும்.